ஒரு கை மாதிரியும் ஒரு மூட்டைச் சரக்கும்

பாலக்காடு: கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள் நமது பெண்கள். அவர்கள் பறிக்கும் காய் கடைசியில் புத்தடியிலோ போடிநாயக்கனூரிலோ உள்ள ஏலக் கூடத்தில் ஒரு சிறு மாதிரியாக வியாபாரியின் முன் வந்து நிற்கிறது. அவர் அதைக் கையில் உருட்டிப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், எதிரே உள்ள கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுகிறார். சில விநாடிகளில் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்துப் பாடு முடிந்துவிடுகிறது. (செடிக்கும் ஏலம் என்று பெயர், விற்பதற்கும் ஏலம் என்று பெயர். தமிழில் மட்டும் உள்ள இந்தக் குழப்பத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

ஏலக்காய் விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதையும், அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதையும் டீக்கடையில் விவாதிக்காதவர் இல்லை. ஆனால் தரத்தை எங்கே அளக்கிறோம், எப்போது அளக்கிறோம், குறை கண்டால் அதை யார் தலையில் கட்டுகிறோம் என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதில்லை. கூலியைத் தீர்மானிப்பதில் விலைக்கு உள்ள பங்கு இந்தக் கேள்விக்கும் உண்டு என்பது எனது அபிப்பிராயம்.

படியும் சல்லடையும்

ஏலக்காய்க்கு அரசாங்கம் வகுத்த அக்மார்க் தரங்கள் உண்டு. “ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு” என்ற உயர்ந்த ரகத்துக்குக் காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும்; ஒரு லிட்டர் அளவுள்ள பாத்திரத்தில் கொட்டினால் 435 கிராமாவது எடை இருக்க வேண்டும். அடுத்த “போல்டு” ரகத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதற்கும் அடுத்த “சுப்பீரியர்” ரகத்துக்கு 5 மில்லிமீட்டர், 385 கிராம். இது தவிர 100 காயை எடுத்து உடைத்துப் பார்த்து, உள்ளே விதையில்லாத பொக்கு எத்தனை என்றும் எண்ணுவார்கள்.

லிட்டர் எடை என்பது நல்ல யோசனை. பிஞ்சில் பறித்த காய் உலர்ந்ததும் சுருங்கி, தோல் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட காய் பாத்திரத்தை நிரப்பும், தராசை இறக்காது. ஆகவே தோலுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தராசே சொல்லிவிடுகிறது.

ஆனால் இந்த எண்ணுக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு மூட்டை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டையில் எந்த மூலையில் அள்ளினாலும் 415 கிராம். மற்றொரு மூட்டையில் பாதி 435, பாதி 395. கலந்து அளந்தால் அதுவும் 415 தான். காகிதத்தில் இரண்டும் ஒரே சரக்கு. வாங்குபவருக்கு ஒன்றல்ல. முதல் மூட்டையை அவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம். இரண்டாவதை மறுபடி சலிக்க ஆள் போட வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே விலையில் பிடித்துக்கொள்வார். அதுமட்டுமல்ல, எந்த மூட்டை எப்படி இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால், நல்ல சரக்குக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்பார்.

ரயில்வேக்காரனுக்கு இது எளிதில் புரியும். ஒரு வண்டி தினமும் 20 நிமிஷம் தாமதமாக வருகிறது. இன்னொரு வண்டி ஒரு நாள் சரியான நேரத்துக்கு வருகிறது, மறுநாள் 40 நிமிஷம் தாமதம். இரண்டுக்கும் சராசரித் தாமதம் 20 நிமிஷம். முதல் வண்டிக்கு வரும் பயணி வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். இரண்டாவது வண்டிக்கு வருபவர் எங்கள் ஜன்னலில் நின்று சண்டை போடுவார். சண்டை சராசரியால் வருவதில்லை, ஏற்ற இறக்கத்தால் வருகிறது.

கடையில் பாக்கெட்டில் விற்கும் சாமானுக்கான சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2011-ம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதிகளின்படி, பாக்கெட்டுகளின் சராசரி எடை உறையில் அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. அதோடு தனித்தனி பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கிலோ பாக்கெட் என்றால் 15 கிராமுக்கு மேல் குறையக் கூடாது. ஒருவருக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டோம், அதனால் மற்றவருக்கு 50 கிராம் குறைத்தோம், சராசரி சரியாகிவிட்டது என்று கடைக்காரர் வாதாட முடியாது. நமது வாசகர்களில் பலர் மாதச் சாமான் வாங்குகிறவர்கள், இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டெலிபோன் கம்பெனியில் பிறந்த கோடு

இந்த ஏற்ற இறக்கத்தை அளப்பதற்கு வழி சொன்னவர் வால்டர் ஷெவார்ட் என்ற அமெரிக்கர். டெலிபோன் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் 1924-ல் அவர் தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு வரைபடம். நடுவே சராசரிக் கோடு, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தினமும் அளக்கும் அளவை அதில் புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளிகள் இரண்டு கோடுகளுக்குள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் அது அந்த யந்திரத்தின் இயல்பு, எந்த ஒரு தொழிலாளியின் குற்றமும் அல்ல. புள்ளி கோட்டைத் தாண்டிக் குதித்தால் ஏதோ காரணம் உண்டு, அன்றைக்கே தேடிப் பிடிக்க வேண்டும். வேலை ஒழுங்காக நடக்கும்போது காரணமில்லாமல் புள்ளி கோட்டைத் தாண்டுவது ஆயிரத்தில் மூன்று தடவைதான் இருக்கும் என்ற கணக்கில் அந்தக் கோடுகள் போடப்படுகின்றன.

இதில் தொழிலாளிக்கு என்ன லாபம்? பெரிய லாபம் இருக்கிறது. இயல்பான ஆட்டத்துக்காக ஒருவரைத் தண்டிப்பது நியாயமில்லை என்று முதன்முதலாகக் கணக்குப் போட்டுக் காட்டியது இந்த வரைபடம்தான். பின்னாளில் 1950-ல் ஜப்பானுக்குப் போய் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்த டெமிங், குறைகளில் பெரும்பகுதி வேலை முறையில் உள்ளது, வேலையாளிடம் உள்ளதல்ல, முறையை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், சுதந்திரம் வந்த கையோடு ஷெவார்ட்டை இந்தியாவுக்கு அழைத்து வந்தார். அந்தக் கழகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு கோயம்புத்தூரிலும் இயங்குகிறது. அங்கேயே 1956-ல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி ஸ்தாபனம், நூலின் கவுண்ட் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், கோனுக்குக் கோன் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க மில்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கவுண்ட் சராசரியாகச் சரியாயிருந்தும் நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். கோவை மில்களிலிருந்து வாளையாறு தாண்டி இங்கே வேலைக்கு வந்த பழைய ஆட்களைக் கேட்டால், அறுந்த நூலை முடிந்தே விரல் தேய்ந்த கதை சொல்வார்கள்.

கஞ்சிக்கோட்டில் நமது ஆட்கள் வேலை செய்யும் தொழிற்பேட்டையிலேயே, 1987-ல் தொடங்கிய திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எப்.சி.ஆர்.ஐ. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். தண்ணீர், எண்ணெய், காற்று ஆகியவை குழாயில் ஓடும் அளவைக் காட்டும் மீட்டர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பரிசோதிப்பது அதன் முக்கிய வேலை. வீட்டுத் தண்ணீர் மீட்டருக்கான இந்தியத் தர விதியைப் பாருங்கள். குழாய் நன்றாக ஓடும்போது பிழை நூற்றுக்கு 2-க்குள் இருக்க வேண்டும்; மெல்ல ஓடும்போது 5 வரை போகலாம். அதாவது மீட்டரை ஒரே வேகத்தில் வைத்துப் பார்த்துச் சான்று கொடுத்துவிட முடியாது. பல வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் சரியாகக் காட்டும் மீட்டர் ஓரத்தில் பொய் சொல்லலாம்.

மாறுபாடு எங்கே பிறக்கிறது?

ஒரே மாவட்டத்து மலையில், இவ்வளவு விலை பெறும் சரக்குக்கு, இந்தப் பாடம் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது.

ஏலக்காய் ஒரே நாளில் முதிர்வதில்லை. ஒரே சரத்தில் அடியில் உள்ள காய் முற்றியிருக்கும், நுனியில் பூ இருக்கும். கருங்காய்ப் பருவத்தில், அதாவது முற்றிப் பழுக்கும் முன்பு பறித்தால்தான் நிறமும் எடையும் நிற்கும். ஆகவே ஒரே செடிக்கு ஒரு சீசனில் பல சுற்றுப் போக வேண்டும். ஆள் பற்றாக்குறையாலோ கூலி மிச்சம் பிடிப்பதாலோ தோட்டக்காரர் சுற்றைத் தள்ளிப் போட்டால், முதலில் முற்றியது பழுத்து வெடித்திருக்கும். சுற்றுக்கு இவ்வளவு கிலோ வந்தாக வேண்டும் என்று விரட்டினால் பிஞ்சும் சேர்ந்து வரும். இரண்டுமே கையின் குற்றமல்ல, நாள்காட்டியின் குற்றம்.

பிறகு ஸ்டோர். பச்சைக் காயில் 100-க்கு 80 பங்கு ஈரம், அது 10 பங்காக இறங்க வேண்டும். 100 கிலோ பச்சைக்கு ஏறத்தாழ 20 கிலோ உலர்ந்த காய் தேறும். சுமார் 50 டிகிரி சூட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் போல உலர்த்துகிறார்கள். சூடு ஏறினால் பச்சை நிறம் போய் மஞ்சள் தட்டும், காய் வெடிக்கும். சூடு குறைந்தால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். அடுப்புக் குழாய்க்கு அருகில் உள்ள தட்டும் மேல் தட்டும் ஒன்றுபோல் உலர்வதில்லை. இரவில் எழுந்து மாற்றி வைக்காவிட்டால் ஒரே ஸ்டோரில் இரண்டு ரகம் பிறந்துவிடும். இந்த இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். தட்டுவாரியாக லிட்டர் எடையைத் தினம் குறித்து வந்தால், 410, 418, 413, 416 என்று ஆடிக்கொண்டிருந்தது ஒரு நாள் 388-க்கு இறங்கும்போது அன்று அடுப்பில் என்ன நடந்தது என்று கேட்கலாம். எத்தனை ஸ்டோரில் அப்படிக் குறிக்கிறார்கள்? நான் போய்ப் பார்த்த நாலைந்து இடங்களில் கூலி நோட்டு இருந்தது, டீசல் நோட்டு இருந்தது, இந்த நோட்டு இல்லை.

இதற்கெல்லாம் பிறகு, நிறம் குறைந்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றும் திருட்டு வேலை வருகிறது. நறுமணப் பொருள் வாரியம் தடுக்கிறது, பிடிக்கிறது, எச்சரிக்கிறது. ஆனால் தெர்மாமீட்டர் பார்க்காதவரைத்தான் சாயம் தேடிப் போக வைக்கிறது காலம்.

கடைசி வாசலில் பிடிபடும் குறை

எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் சபரிமலை அரவணை. அதில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வுக்கூட அறிக்கை வந்ததும், 2023 ஜனவரியில் கேரள ஐகோர்ட்டு விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2024 மார்ச்சில் ஐகோர்ட்டின் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. சட்டத்தின் முடிவு அப்படி. ஆனால் டின்கள் டின்களாகவே கெட்டுப் போயின. காயில் சந்தேகம் என்றால் மூட்டையிலேயே பிடித்திருந்தால் சில மூட்டைகளோடு போயிருக்கும். பாகில் கலந்து டின்னில் அடைத்த பிறகு பிரிக்க முடியுமா?

பூச்சிமருந்து எச்சத்தில் மாறுபாடு இன்னும் கொடியது. இந்தியாவில் பதிவாகாத மருந்துகளுக்கு, தனி எல்லை வகுக்காத இடத்தில், நறுமணப் பொருளில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றிருந்த எல்லையை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் 0.1 மில்லிகிராமாக உயர்த்தியது. பழைய எல்லை எவ்வளவு சிறியது என்றால் 100 டன் சரக்கில் 1 கிராம். நேற்று மருந்தடித்த ஒரு சிறு தோட்டத்துக் காய் ஒரு சாக்கு கலந்தால் போதும். மாதிரி எடுக்கும் கரண்டி அந்தச் சாக்கில் பட்டால் மொத்தச் சரக்கும் தோற்கும், படாவிட்டால் தேறும். கொச்சியிலும் தூத்துக்குடியிலும் வாரியத்துக்கு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. நல்ல யந்திரங்கள், படித்த பிள்ளைகள். ஆனால் யந்திரம் தன்னிடம் வந்த சில நூறு கிராமைப் பற்றித்தான் பேசும். அந்தச் சில நூறு கிராம் எப்படி அள்ளப்பட்டது என்று அதற்குத் தெரியாது.

என்னுடைய முதல் ஹெட் கிளார்க் பார்சல் ஆபீசில் எனக்குச் சொன்ன பாடம் இதுதான். “முன் வரிசை மூட்டையைத் தராசில் ஏற்றாதே, அது உனக்காகவே கட்டினது. நடுவிலிருந்து ஒண்ணை இழு” என்பார். அவர் புள்ளியியல் படித்தவர் அல்ல.

யார் கூலியில் பிடிப்பது?

இதை எழுதத் தூண்டியது என் கொழுந்தியாள். சென்ற சீசனில் அவள் காய் எடுக்கப் போன ஒரு தோட்டத்தில், நாள் கூலியோடு, குறித்த எடைக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஒரு மாலை எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் அவள் சாக்கின் மேலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்து, பிஞ்சு அதிகம் என்று மூன்று கிலோவைக் கழித்துவிட்டார். மழையில் நனைந்த காய் என்று தண்ணீர்க் கழிவு வேறு.

“மேலாப்புல ஒரு கை அள்ளிப் பாத்துட்டுச் சொல்லிட்டாக மச்சான். கடைசியா எடுத்த செடி இளஞ்செடி, அதுதான் மேலே கெடந்துச்சு. சாக்கைக் கவுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

அவள் சொன்னது புத்தகத்தில் உள்ளது. கடைசியில் போட்டது மேலே கிடக்கும்; மேலே எடுத்தது மாதிரியாகாது. ஏலக் கூடத்தில் வியாபாரி கேட்கும் நியாயத்தை, தராசு மேடையில் அந்தப் பெண்ணும் கேட்கிறாள். வித்தியாசம் என்னவென்றால், வியாபாரிக்குப் பிடிக்காவிட்டால் விலை சொல்லாமல் இருக்கலாம். அவள் மறுநாளும் ஜீப் ஏற வேண்டும்.

தோட்டக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பிஞ்சு பறித்தால் அவருக்கு நஷ்டம் என்பது மெய். ஒவ்வொரு சாக்கையும் கவிழ்த்து எண்ண ஆளும் நேரமும் வேண்டும், இருட்டுவதற்குள் ஜீப் மலை இறங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சாக்கையும் எண்ண வேண்டியதில்லை. தேயிலையில் கொழுந்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் உண்டு. சிறு அளவு எடுத்து, நல்ல கொழுந்து எத்தனை, முற்றல் எத்தனை என்று பிரித்துவிடுவார்கள். அதே போல் தார்ப்பாயில் கொட்டி, கிளறி, பறித்தவள் கண்ணெதிரே 100 காய் எண்ணினால் சில நிமிஷ வேலை. தினம் நாலு பேருடையதை மாற்றி மாற்றி எண்ணி நோட்டில் குறித்தால், எல்லோருக்கும் 100-க்கு ஐந்தாறு பிஞ்சு வருவது தெரிந்துவிடும். எல்லோருக்கும் வருவது சுற்றின் குறை. ஒருத்திக்கு மட்டும் 20 வந்தால் அவளிடம் பேசலாம்.

எடை போடும் எலெக்ட்ரானிக் தராசுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அரசாங்க முத்திரை வேண்டும் என்பது சட்டம். முத்திரை எந்த வருஷத்தது என்று பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பாலக்காட்டுப் பக்கம் ஆலைகளில் கூலிக்கு வரும் வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த சீசனில் அதே தோட்டத்துக்கு வேறு சூப்பர்வைசர் வந்திருக்கிறார். சாக்கைத் தார்ப்பாயில் கொட்டச் சொல்கிறாராம். இப்போதும் சில நாள் கழிவு போடுகிறார் என்றாள் கொழுந்தியாள். போன வாரம் அவளுக்கே ஒரு கிலோ பிடித்தார்கள். “எண்ணித்தானே பிடிச்சாக, பிஞ்சு கெடந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.